காக்கையும் கான்ஃபிக் ஃபைலும்

விண்டோஸ் கணினியின் முன்னால் வந்து உட்காரும் நம்மவர்கள் பலருக்கு, வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சடங்கு உண்டு. டெஸ்க்டாப்பில் ஐகான் இல்லாத இடமாகப் பார்த்து மவுஸின் வலது பட்டனை அழுத்தி 'ரிஃப்ரெஷ்' கொடுப்பது. ஒரு முறை கொடுத்தால் மனசு ஆறாது. மூன்று, ஐந்து என்று மொய்ப்பணம் மாதிரி ஒற்றைப்படையில் போகும். பொறுமையில்லாதவர்கள் எஃப்5 விசையைக் கஞ்சிராவாக நினைத்துத் தட்டிவிட்டுத்தான் எக்ஸெல்லைத் திறப்பார்கள். அந்தக் கட்டளை செய்யும் காரியம் ஒன்றுதான்: டெஸ்க்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்து, ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டும். மெமரியைக் காலி செய்யாது, பிராசஸரைத் தட்டி எழுப்பாது, வைரஸை விரட்டாது. போட்ட கோலத்தின் மேலேயே ஐந்து தடவை கோலம் போடுவதற்குச் சமம். இதைப் பார்த்து முதலில் சிரிப்பவர் அந்த ஆபீஸின் சிஸ்டம் அட்மினாகத்தான் இருப்பார். அவருக்குச் சிரிக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. சர்வரை வேகப்படுத்துகிறேன் என்று கறுப்புத் திரையில் அவர் தட்டும் கட்டளைகளில் பெரும்பகுதி இதே ரிஃப்ரெஷ்தான். அவர் ரூட் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டு செய்கிறார், அவ்வளவே. வைத்தியம் சர்வருக்கு என்று பெயர். குணமாவது அட்மினின் படபடப்பு.

நோண்டுவது பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் நோண்டாமல் பிழைப்பே நடக்காது. ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு எட்டிய மொத்த முகவரி 1 எம்பி. அதில் 640 கேபி புரோகிராம்களுக்கு. மிச்சத்தைத் திரைக்கும் பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். பிறகு வந்த கணினிகளில் 4 எம்பி, 8 எம்பி என்று ராம் பெருகினாலும் டாஸ் அந்த 640க்குள்தான் ஒண்டுக் குடித்தனம் நடத்தியது. மவுஸ் டிரைவர் ஒரு மூலையில், சிடி-ராம் டிரைவர் ஒரு மூலையில், சவுண்ட் கார்டு டிரைவர் தாழ்வாரத்தில். புதிதாக வாங்கி வந்த விளையாட்டு ஒன்று, 'எனக்கு 600 கேபி இருந்தால்தான் உள்ளே வருவேன்' என்று சம்பந்தி மாதிரி வாசலிலேயே நிற்கும். உடனே கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பாட் என்ற இரண்டு கோப்புகளைத் திறந்து, ஹைமெம்மைப் போட்டு, ஈஎம்எம்386ஐப் போட்டு, குடியிருப்பவர்களை ஒவ்வொருவராக மாடிக்கு ஏற்ற வேண்டும். யாரை முதலில் ஏற்றுவது என்பதிலேயே சில கேபி கூடும், குறையும். 1993ல் வந்த எம்எஸ்-டாஸ் 6, இந்தக் குடிபெயர்ப்பு வேலைக்கென்றே மெம்மேக்கர் என்று ஒரு புரோகிராமைக் கூடவே கொடுத்தது என்றால், ஊர் முழுக்க எவ்வளவு நோண்டல் நடந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நோண்டலில் ஒரு நேர்மை இருந்தது. 'மெம்' என்று தட்டினால் எத்தனை கேபி மிச்சம் என்று பைசா சுத்தமாகக் கணக்கு வரும். விளையாட்டு ஓடும், இல்லையென்றால் ஓடாது. 'முன்னைக்கு இப்போ கொஞ்சம் தேவலாம்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அதே காலத்துப் பெட்டிகளின் நெற்றியில் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. பழைய 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய விளையாட்டுகள், வேகமான சிப்புகளில் ஓட்டினால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோயின. அதனால் கணினியை வேண்டும்போது மெதுவாக்குவதற்கு ஒரு பட்டன் தேவைப்பட்டது. வேகத்தைக் குறைக்க வைத்த பட்டனுக்கு டர்போ என்று பெயர் வைத்தவரின் விற்பனைத் திறமைக்கு ஒரு கும்பிடு. பட்டனுக்குப் பக்கத்தில் 33, 66 என்று ஒளிரும் எண் பலகை வேறு. அது எதையும் அளக்கவில்லை. உள்ளே இருக்கும் ஜம்பர்களை மாற்றிச் செருகினால் அதே கணினி 99 என்றும் காட்டும். அளக்காத எண்ணை நம்பி மகிழும் பழக்கம் அன்றைக்கே நம் கைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு 640 கேபி கட்டாயம் போய்விட்டது, டர்போ பட்டன் போய்விட்டது, கையின் அரிப்பு மட்டும் போகவில்லை.

அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் ஓர் எண்தான். லினக்ஸ் சர்வரில் 'ஃப்ரீ' என்று தட்டுகிறார் அட்மின். 64 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் சும்மா கிடப்பது 1 ஜிபிதான் என்று பதில் வருகிறது. பகீர் என்கிறது. 63 ஜிபியை யார் தின்றது? யாரும் தின்னவில்லை. டிஸ்க்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை, மறுபடி யாராவது கேட்பார்கள் என்று லினக்ஸ் சும்மா இருக்கும் ராமில் அடுக்கி வைத்திருக்கிறது. வேறு புரோகிராம் இடம் கேட்டால் அடுத்த நொடியே ஒதுக்கிக் கொடுத்துவிடும். இந்த பயத்தைத் தெளியவைக்கத்தான் 'உண்மையில் எவ்வளவு கிடைக்கும்' என்று தனியாக ஒரு கணக்கை 2014ல் லினக்ஸின் கருவான கெர்னலிலேயே சேர்த்தார்கள். கண் போவதென்னவோ பழைய எண்ணின் மேல்தான். விளைவு: 'டிராப் கேச்சஸ்' கோப்புக்குள் 3 என்று எழுதும் ஒரு வரியை, மணிக்கொரு தரம் தானே ஓடும்படி கிரானில் போட்டுவிடுகிறார். மளிகை அலமாரி நிறைந்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய், மணிக்கொரு தரம் துவரம்பருப்பையும் புளியையும் அண்ணாச்சி கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, அலமாரி எவ்வளவு காலியாகப் பளபளக்கிறது பார் என்று பெருமைப்படும் குடும்பத்தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சாம்பாருக்கு மறுபடி கடைக்கு ஓட வேண்டும். சர்வரும் அப்படித்தான் டிஸ்க்குக்கு ஓடுகிறது. 2006ல் இந்த வசதியைச் சேர்த்தவர்கள் இது சோதனைக்கும் பிழை தேடவும்தான் என்று நினைத்தார்கள்; அவற்றுக்கு வெளியே பயன்படுத்துவது உசிதமில்லை என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. ஆவணத்தைப் படிப்பதற்கும் கிரானில் வரி சேர்ப்பதற்கும் இடையே உள்ள தூரம், நோய்க்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் இடையே உள்ள தூரத்தைவிட அதிகம்.

அப்படியானால், 'இந்த வரியைப் போட்டதும் சர்வர் பறக்குது சார்' என்று இத்தனை பேர் சொல்வதெல்லாம் பொய்யா? பொய்யில்லை. காக்கை உட்கார்ந்தது உண்மை, பனம்பழம் விழுந்ததும் உண்மை. நடுவில் உள்ள 'அதனால்'தான் இடிக்கிறது. கான்ஃபிக் ஃபைலைத் திருத்தினால் பெரும்பாலும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரீஸ்டார்ட் ஒரு மகத்தான மருந்து: ஒழுகிப் பெருகியிருந்த மெமரி திரும்பி வரும், சிக்கிக் கிடந்த இணைப்புகள் அறுபடும், வரிசையில் நின்று களைத்த வேலைகள் கலைந்துபோகும். பாராட்டு மட்டும் அட்மின் மாற்றிய எண்ணுக்குப் போகும். தவிர, புகார் வருவது எப்போது? பதினொரு மணி வாக்கில், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தட்டும்போது. அட்மின் தேடிப் படித்து, திருத்தி, ரீஸ்டார்ட் செய்து நிமிரும்போது மணி ஒன்றரை. ஆபீஸே டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கிறது. இந்த வேளையில் வேகமாக ஓடாத சர்வர் எது? பந்தியில் கூட்டம் குறைந்ததற்குத் தான் ஊற்றிய ரசம்தான் காரணம் என்று பரிமாறுபவர் நம்புவது மாதிரி. இந்த நம்பிக்கையைப் பெட்டியில் போட்டு விற்றவர்களும் உண்டு. 1995ல் அமெரிக்காவில் வந்த சாஃப்ட்ராம் 95, மென்பொருளாலேயே ராமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. மார்க் ருசினோவிச் முதலானவர்கள் பிரித்துப் பார்த்தபோது, விண்டோஸ் 95ல் அது மெமரியைச் சுருக்கும் வேலையைச் செய்யவே இல்லை என்று தெரிந்தது. 1996ல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்ட பிறகுதான் கதை முடிந்தது. அதுவரை அத்தனை வீடுகளில் அந்த டப்பா உட்கார்ந்திருந்தது, பனைமரத்துக் காக்கையைப் போல.

'நான் ரசம் ஊற்றும் ஆள் இல்லை, முன்னும் பின்னும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன்' என்று மார்தட்டும் அட்மினும் இருக்கிறார். அவருக்கு ஒரு கெட்ட செய்தி. 2009ல் டாட் மிட்கோவிச்சும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒவ்வொரு புரோகிராம் தொடங்கும்போதும், அதன் மெமரியில் சூழல் மாறிகள் என்ற குறிப்புச் சீட்டுக் கட்டு ஒன்று ஏறும். யூசரின் பெயர், அவர் வீட்டு டைரக்டரி இதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கட்டு சில எழுத்துகள் நீண்டாலே, அதற்கு அடுத்து அமரும் தரவுகள் மெமரியில் நகர்ந்து உட்காருகின்றன. அந்த நகர்வால் புரோகிராம் ஓடும் நேரம் கணிசமாக மாறுகிறது. எந்த அளவுக்கு என்றால், கம்பைலரின் ஒரு முறை இன்னொன்றைவிட வேகம் என்ற முடிவே தலைகீழாகும் அளவுக்கு. பெயரில் ஒரு 'ஏ' கூட்டிக்கொண்டால் யோகம் அடிக்கும் என்று சொல்லும் எண்கணித ஜோசியரைக் கேலி செய்கிற அட்மின், யூசர்நேமில் ஓர் எழுத்து கூடினால் புரோகிராமின் வேகம் மாறக்கூடும் என்ற இந்தச் செய்தியை எங்கே வைப்பார்? ஜோசியர் கொண்டாடுவதற்கு முன் ஒரு திருத்தம்: எந்த எழுத்து நல்லது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, இங்கே உதவிய எழுத்து பக்கத்துக் கணினியில் காலை வாரும். (இந்தத் திருத்தம் எண்கணிதத்துக்கும் பொருந்துமே என்று கேட்காதீர்கள். அது வேறு இலாகா.)

2013ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி கர்ட்சிங்கரும் எமெரி பெர்கரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெமரி அமைப்பைக் குலுக்கிக் குலுக்கிப் போட்டு, இந்த இட ராசியை நீக்கிவிட்டு அளந்தார்கள். கம்பைலரில் 'ஓ2' என்று கொடுப்பதற்கும் அதைவிடப் பலமான 'ஓ3' என்று கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம், தற்செயல் சலசலப்பிலிருந்து பிரித்தறிய முடியாததாக இருந்தது. ஜென்டூ லினக்ஸை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மென்பொருளையும் தன் சிப்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி நாள் கணக்கில் கம்பைல் செய்பவர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது. அவர்களுடைய சந்தோஷத்தைக் கெடுப்பது என் நோக்கமில்லை. தையல்காரர் கடையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சட்டை போட்டுக்கொள்ளும் சுகத்தோடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று மட்டும் சொல்வேன்.

கண்கட்டு இப்படியென்றால், வாரிசுரிமை இன்னொரு கூத்து. திவசத்தன்று பாலில் வாய் வைக்காமல் இருக்க வீட்டுப் பூனையைக் கூடை போட்டு மூடினார் தாத்தா. பேரன் காலத்தில் வீட்டில் பூனையே இல்லை, அதனால் திவசத்துக்கு முந்தின நாள் பூனை தேடி அலைகிறார்கள் என்று ஒரு கதை உண்டு. கான்ஃபிக் ஃபைல் என்பது அந்தக் கூடை. ராம் போதாதபோது கைகொடுக்க டிஸ்க்கில் ஒதுக்கும் ஸ்வாப், ராமைப் போல இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது சில எம்பி ராம் இருந்த நாளில் நியாயமான சூத்திரம். 256 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் பக்தியோடு 512 ஜிபியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் பேரன்கள் இருக்கிறார்கள். இதுவாவது டிஸ்க்குக்குத்தான் நஷ்டம். 'டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்' என்ற வரியின் கதை கொஞ்சம் ரத்தக் களரி. ஓர் இணைப்பு முடிந்த பிறகும் லினக்ஸ் அதை 60 நொடி நினைவில் வைத்திருக்கும். தாமதமாக வந்து சேரும் பாக்கெட் எதுவும் அடுத்த இணைப்பில் புகுந்து குழப்பக் கூடாதே என்று. கூட்டமான சர்வரில் பட்டியல் போட்டால் இப்படிக் காத்திருப்பவை ஆயிரக்கணக்கில் தெரியும். அவற்றால் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்க அசிங்கமாக இருக்கிறது. அந்த அசிங்கத்தைப் போக்க, இந்த வரியில் 1 என்று போடச் சொல்லும் குறிப்பு ஊர் ஊராகப் பரவியது.

போட்டதும் பட்டியல் பளிச்சென்று ஆகிவிடும். ஆபீஸிலிருந்து சோதித்தால் பிரமாதம். சிக்கல் வெளியே இருந்தது. இந்த ஏற்பாடு ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் எல்லாரையும் ஒரே ஆள் என்று எண்ணி, பாக்கெட்டில் உள்ள நேரக் குறியை ஒப்பிடும். முந்தியதைவிடப் பழைய நேரம் காட்டுகிற பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகளிலோ ஒரே முகவரிக்குப் பின்னால் ஏகப்பட்ட போன்கள். ஒவ்வொன்றின் நேரக் குறியும் ஒவ்வொரு மாதிரி. ஒரே ரேஷன் கார்டில் தெரு முழுக்கச் சேர்ந்திருக்கும் வீடு மாதிரி. ஒருவர் சர்க்கரை வாங்கிய கையோடு அடுத்தவர் போனால், 'உன் கைக்கடிகாரம் பின்னால் இருக்கிறது' என்று கதவை மூடிவிடுகிறார்கள். யாருக்கு மூடும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. லாகில் ஒரு வரியும் விழாது. வாடிக்கையாளர் புகார் செய்தால் அட்மின் தன் மேசையிலிருந்து திறந்து பார்த்து, 'எங்ககிட்ட சரியா வருதே' என்பார். அது அவருக்கு உண்மைதான். கடைசியில் 2017ல் வந்த 4.12 கெர்னலில் இந்த வசதியையே வெட்டி எறிந்தார்கள். இன்றைக்கும் பரம்பரைச் சொத்தாகக் கைமாறும் கான்ஃபிக் ஃபைல்களில் அந்த வரி இருக்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் 'அப்படி ஒரு கோப்பு இல்லையே' என்று கணினி சொல்கிறது. பூனை செத்துப்போன சேதி. யாரும் காது கொடுப்பதில்லை.

வரி அப்படியே இருக்க, அதன் அர்த்தம் மாறிப்போவதும் உண்டு. ஸ்வாப்பினஸ் என்ற எண், மெமரி நெருக்கடி வரும்போது புரோகிராம்களின் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்ப லினக்ஸ் எவ்வளவு ஆர்வம் காட்டலாம் என்பதைச் சொல்கிறது. இயல்பாக 60. 2004ல் இதைப் பற்றிக் கெர்னல்காரர்களுக்குள்ளேயே விவாதம் நடந்தபோது, கெர்னலின் முக்கியத் தூண்களில் ஒருவரான ஆண்ட்ரூ மார்ட்டன் தன் கணினியில் 100 வைத்திருப்பதாகச் சொன்னார். உலகத்து டேட்டாபேஸ் அட்மின்களோ 0 என்று போட்டால்தான் தூங்குவார்கள். 0 என்றால் 'முடிந்தவரை தவிர்' என்று பொருள் கொண்டிருந்தார்கள். 2012ல் வந்த 3.5 கெர்னலில், 0 என்பது 'கழுத்துக்குத் தண்ணீர் வரும்வரை தொடாதே' என்று ஆகிவிட்டது. விளைவாக, ஸ்வாப்பில் இடம் தாராளமாக இருக்கும்போதே மெமரி தீர்ந்து, ஓஓஎம் கில்லர் என்ற கெர்னலின் தண்டல்காரர் வந்து, அதிக மெமரி வைத்திருப்பவரைப் பிடித்துக் கொன்றார். அதிக மெமரி வைத்திருப்பவர் யார்? எந்த டேட்டாபேஸைக் காப்பாற்ற 0 போட்டார்களோ, அதேதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் பிடித்த கை அப்படியே இருக்க, களிமண் அல்லவா நடுவில் மாறியது?

இனி எதிர்க்கட்சி. அவர்களுடைய முதல் வாதம் வலுவானது: இயல்பு அமைப்புகள் யாருக்கும் பொருந்தாத பள்ளிச் சீருடை, எல்லாருக்கும் போட்டுவிடலாம், யாருக்கும் சரியாக இருக்காது. உண்மை. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தரவுகளை ராமில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூல் இயல்பாக 128 எம்பி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதே வேலை செய்யும் ஷேர்டு பஃபர்ஸும் இயல்பாக 128 எம்பிதான். 64 ஜிபி ராம் வாங்கிப் போட்டுவிட்டு இவற்றைத் தொடாமல் விடுவது, கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு வாசல் திண்ணையில் பந்தி போடுவதற்கு ஒப்பு. இவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இப்படி மாற்றியே ஆக வேண்டியவை எத்தனை? போஸ்ட்கிரெஸில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட திருகுகள் இருக்கின்றன. 2015ல் சான் டியேகோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 'இத்தனை திருகுகளை என் தலையில் கட்டிவிட்டீர்களே' என்ற பொருள்படத் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோர் மாற்றுவது மிகச் சிறு பங்கு திருகுகளைத்தான். அவர்கள் பார்த்த மென்பொருள் ஒன்றில் பாதிக்கும் மேலானவற்றை அநேகமாக யாருமே தொடவில்லை. எதிர்க்கட்சி வென்றெடுப்பது இரண்டு மூன்று திருகுகளை. அதை வைத்துக்கொண்டு முந்நூறுக்கும் பட்டா கேட்கிறது. அதிலும் 'பெரிசா வெச்சா நல்லது' என்ற பொதுவிதி வேறு. ஒருமுறை கேட்ட கேள்வியின் பதிலைச் சேர்த்து வைக்கும் மைஎஸ்க்யூஎல்லின் க்வெரி கேச்சை அந்த விதிப்படி ஊதிப் பெருக்கியவர்கள், பல கோர்கள் உள்ள சர்வர்களில் எல்லா த்ரெட்டுகளும் ஒரே பூட்டின் முன்னால் வரிசை கட்டி நிற்பதைக் கண்டார்கள். 2018ல் வெளிவந்த 8.0 பதிப்பில் அந்த கேச்சே இல்லை.

இரண்டாவது வாதத்துக்கு 'நோஏடைம்' என்று பெயர் வைக்கலாம், ஏனென்றால் எல்லாரும் அதைத்தான் எடுத்து வீசுவார்கள். பழைய லினக்ஸில் ஒரு கோப்பைச் சும்மா படித்தாலே, 'இது இத்தனை மணிக்குப் படிக்கப்பட்டது' என்று டிஸ்க்கில் எழுதி வைக்கும். நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டும் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குமாஸ்தா பேரேட்டோடு ஓடுவது மாதிரி. அட்மின்கள் 'நோஏடைம்' என்று போட்டு இதை நிறுத்திவைத்தார்கள், நிஜமாகவே வேகம் கூடியது. 2007ல் கெர்னல் வல்லுநர் இங்கோ மோல்னார் இந்தப் பேரேட்டு வழக்கத்தை வெளுத்து வாங்கினார். 2009ல் வந்த 2.6.30 கெர்னலில், அவசியப்பட்டால் மட்டும் எழுதும் 'ரெல்ஏடைம்' இயல்பாகிவிட்டது. ஆக, நோண்டியவர்கள் சொன்னது சரிதானே? முழுக்கச் சரி. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். நிஜமாகவே நல்ல நோண்டல் நோண்டலாகவே நீடிப்பதில்லை. அதை எழுதுபவர்களே கவனித்து இயல்பு அமைப்பாக்கிவிடுகிறார்கள். அப்படியானால் பத்து வருஷமாகக் கைமாறி வரும் ஒரு குறிப்புப் பட்டியலில் இன்று மிச்சமிருப்பவை எவை? ஏற்கெனவே இயல்பானவை, அதாவது வெட்டி வேலை. அல்லது யாரும் இயல்பாக்கத் துணியாதவை, அதாவது வில்லங்கம்.

மூன்றாவது வாதம் தொழில்நுட்பத்தில் சேராது, ஆனால் எனக்கு அதன்மேல் அனுதாபம் அதிகம். மேனேஜர் பின்னால் வந்து நின்று, 'என்ன பண்றீங்க?' என்கிறார். 'பார்த்துக்கிட்டிருக்கேன் சார், அளந்துக்கிட்டிருக்கேன்' என்று சொல்லும் அட்மினுக்கு அடுத்த இன்கிரிமென்ட் கிடைக்குமா? காய்ச்சலோடு வந்தவரிடம் 'ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க, தானா சரியாயிடும்' என்று சொல்கிற டாக்டரை நம் ஊரில் யார் நம்புகிறார்கள்? 'ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்' என்று நோயாளியே கேட்டு வாங்கிக்கொண்டால்தான் பஸ் சார்ஜ் வீணாகவில்லை என்று தோன்றும். சிஸ்டம் அட்மின் போடும் பாராமீட்டர், மேனேஜருக்குப் போடும் ஊசி. இதைப் புரிந்துகொள்கிறேன். வெறும் டிஸ்டில்டு வாட்டராக இருந்தால் மன்னித்தும் விடலாம். டிடபிள்யூ ரீசைக்கிள் மாதிரி ஊசிகளில் மருந்து இருந்தது என்பதுதான் தகராறு.

'நோண்டாமல் எப்படி சார் கத்துக்கறது' என்பது நான்காவது. கற்றுக்கொள்ள நோண்டியே ஆக வேண்டும். வேலைக்கு ஆகாத பழைய கணினி ஒன்றில், ஒரு நேரத்தில் ஒரு திருகாக. அதற்கு மேல் இந்த வாதத்தில் சரக்கு இல்லை. சம்பள நாளன்று பேரோல் சர்வரில் கற்றுக்கொள்வேன் என்பவரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரி, உண்மையான காரணங்கள் எங்கேதான் இருக்கின்றன? அழகில்லாத இடங்களில். ஒரு வெப் பக்கம் திறக்க 2 நொடி ஆகிறது என்று வையுங்கள். அதில் 1.9 நொடி, இண்டெக்ஸ் போடாத ஒரு டேபிளை டேட்டாபேஸ் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படிப்பதில் போகிறது. மிச்ச 0.1 நொடியில்தான் அட்மினின் அத்தனை கெர்னல் திருகுகளும் குடியிருக்கின்றன. அவர் தெய்வீக ஆற்றல் பெற்று அந்த 0.1ஐப் பூஜ்யமாக்கினாலும் பக்கம் திறக்க 1.9 நொடி ஆகும். ஜீன் ஆம்டால் 1967லேயே இந்த ரகக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார். ஆனால் இண்டெக்ஸ் இல்லாதது டெவலப்பரின் பிரதேசம். அங்கே போனால் மீட்டிங் போட வேண்டும், மெயில் எழுத வேண்டும், அவர் லீவிலிருந்து வர வேண்டும். கெர்னல் திருகுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரண்ட் போன வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகுவதன் கவர்ச்சியே அது கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதுதான். பிரெண்டன் கிரெக் 2013ல் வந்த தன் புத்தகத்தில், முறையே இல்லாத முறைகள் என்று சிலவற்றுக்குப் பெயரே சூட்டியிருக்கிறார்: வெளிச்சம் இருக்கும் இடத்தில் மட்டும் தேடுவது, கண்ணை மூடிக்கொண்டு எதையாவது மாற்றிப் பார்ப்பது, பழியை அடுத்த டீம் மேல் போடுவது. மூன்றையும் படிக்கும்போது யாருடைய ஆபீஸும் நினைவுக்கு வராமல் போகாது.

அதே கிரெக், சன் நிறுவனத்தில் இருந்தபோது, டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் அருகே வாயை வைத்துப் பலமாகக் கத்தினார். அதை வீடியோவும் எடுத்தார்கள். கத்திய கணத்தில் டிஸ்க்குகள் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் வரைபடத்தில் துள்ளி எழுந்தது. குரலின் அதிர்வில் சுழலும் தட்டுகள் தடுமாறியிருந்தன. ஆக, மெதுவான கணினியைப் பார்த்துக் கத்தினால் அது இன்னும் மெதுவாகும் என்பது அறிவியல். காட்சி கோமாளித்தனமாக இருந்தாலும், ஒரு காரணம், ஓர் அளவை, கத்துவதை நிறுத்தினால் இறங்கிவிடும் கோடு என்று எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. 20 வரி கெர்னல் அமைப்பை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டு ரீஸ்டார்ட் அடிக்கும் காட்சி பார்க்க கம்பீரமாக இருக்கும், இதில் ஒன்றுகூட அதில் இருக்காது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊரைச் சுற்றிப் பார்த்தால், கணினி வேகத்துக்காக நடக்கும் காரியங்களில் தேறுவது எதிர்பாராத ஒன்று: ஆயுத பூஜை. வருஷத்தில் அன்றைக்கு ஒரு நாள், பிரவுசிங் சென்டரிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் கணினியை முழுதாக நிறுத்துகிறார்கள். மாதக்கணக்கில் ஒழுகிய மெமரி அத்தனையும் திரும்பிவிடுகிறது. சிரத்தையுள்ள இடங்களில் பெட்டியைத் திறந்து, ஃபேனிலும் ஹீட்சிங்க்கிலும் கம்பளி மாதிரி படிந்திருக்கும் தூசியை பிரஷ்ஷால் தட்டுகிறார்கள். தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடு எல்லை தாண்டினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டியதும் அந்த வேகம் திரும்பி வருகிறது; காரணம் உண்டு, வெப்பமானி வைத்து அளக்கலாம், எந்தக் கெர்னல் பதிப்பிலும் அர்த்தம் மாறாது. பிறகு மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் கதம்பம். இதனால் வேகம் கூடாது, ஆனால் ஒரு பாக்கெட்டும் கீழே விழாது, எந்த டேட்டாபேஸும் சாகாது. சர்வர் ரூமில் மட்டும் எதையும் நிறுத்த அனுமதி இல்லை என்பதால் அட்மின் கதவுக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு, பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்து, ஸ்வாப்பினஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்.